மேற்படி நாய் சாகவில்லை என்பது பற்றி

திண்டிவனம்,
திங்கட்கிழமை காலை.

அன்பும் மரியாதையும் நிறைந்த விழுப்புரம் மாரியப்பன் மாமா அவர்களின் சமுகத்துக்கு, தங்கள் மச்சான் பத்திர எழுத்தர் கிருஷ்ணசாமி தலை வணங்கி எழுதிக்கொள்வது. இவ்விடம் நான், என் மனைவி வேணி, மகள் மலர்விழி, நேற்று வந்து இன்னும் திரும்ப மாட்டேன் என்கிற என் அக்காவும் தங்கள் மனைவியுமான அம்மணி, மேற்படி நாய் உட்பட அனைவரும் சுகம். அவ்விடம் தங்கள் சுகத்தையும், தங்கள் தும்மல் நின்றதா என்பதையும் அறிய ஆவல். மாப்பிள்ளையின் அப்பா பாண்டுரங்கன் நேற்று சாயங்காலம் போனில் என்னைத் திட்டியபோது, தங்களுக்கு விடாமல் தும்மல் என்ற செய்தியையும் சொன்னார். அந்தத் தும்மலையும் என் தலையில்தான் கட்டினார்.

ஊரார் நிலத்துக்கெல்லாம் நாலு எல்லையும் பிசகாமல் எழுதிக் கொடுத்த கை மாமா இது, இன்றைக்கு எங்கே தொடங்குவது என்று தெரியாமல் பேனா மூடியைத் திருகிக்கொண்டிருக்கிறது. தங்கள் போன் ஓமந்தூர் பம்புசெட்டுத் தொட்டியில் விழுந்துவிட்டபடியால் வேறு வழியில்லாமல் இதை எழுதி வேணியிடம் கொடுத்தனுப்புகிறேன். அவள் செருப்பை மாட்டிக்கொண்டு வாசலிலேயே நிற்கிறாள். "ஜல்தி எழுதுங்க, பஸ்ஸ உட்டுட்டா அப்புறம் நானு பொறுப்பில்ல" என்று இப்போதே ஒரு முறை சொல்லியாகிவிட்டது. தாங்கள் இதைப் படித்த கையோடு கண்டமங்கலம் போக வேண்டும். பொழுது சாய்வதற்குள் நம் தரப்பிலிருந்து ஆள் வந்து பதில் சொல்லாவிட்டால், நாளைக் காலையில் வேறு இடத்தில் பெண் பார்க்கக் கிளம்பிவிடுவதாகப் பாண்டுரங்கன் தீர்மானமாகச் சொல்லிவிட்டார். மலர்விழியின் கல்யாணம் நிற்பதும் நடப்பதும் இப்போது தங்கள் கையில்தான் இருக்கிறது. நடந்ததை ஆதியோடு அந்தமாக எழுதிவிடுகிறேன். மாப்பிள்ளை வீட்டாரை நிச்சயதார்த்தத்துக்கு அழைத்து வரப் போன தாங்களும் அக்காவும் அவர்கள் வேனிலேயே வந்தீர்கள், தாங்கள் அதற்குள்ளேயே இருந்துவிட்டதால் தங்களுக்குப் பாதிதான் தெரியும். கண்டமங்கலத்தில் கேட்டால் முழுதும் சொல்ல வேண்டும் அல்லவா.

மேற்படி நாய், அதாவது நம் வீட்டுக் கறுப்பன், நடிகனானது போன வருடம் பிரம்மதேசத்தில். ஒரு பாகப்பிரிவினைக்காக நிலம் பார்க்கப் போனேன், அவன் என் வண்டிக்குப் பின்னாலேயே ஓடி வந்துவிட்டான். அங்கே பழைய கோயில் பக்கம் டி.வி.க்காரர்கள் குழந்தைகளுக்காக ஒரு தொடர் எடுத்துக்கொண்டிருந்தார்கள். பெயர் "வாலுவும் ஓலைச்சுவடியும்". தமிழ் வாத்தியார் வீட்டில் வாலு என்று ஒரு நாய், அது வாரா வாரம் ஓர் ஓலைச்சுவடியை மோந்து பார்க்கும், உடனே அந்தப் பழைய இலக்கியத்துக்குள் புகுந்து அதுவே ராஜாவாகவும் மந்திரியாகவும் தூதுவனாகவும் நடிக்கும். கிரீடம் உண்டு, சால்வை உண்டு, அதற்காக ஒருவர் பின்னாலிருந்து செந்தமிழில் பேசுவார். அந்த வேடத்துக்கென்று ஏசி காரில் வந்திருந்த வெள்ளை நாய், நம் ஊர் வெயிலைப் பார்த்ததும் இறங்க மாட்டேன் என்று சீட்டுக்கடியில் போய்ப் படுத்துக்கொண்டது. டைரக்டர் தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்த நேரம் பார்த்து நம் கறுப்பன் நேராகப் போய் ஓலைச்சுவடியை மோந்து பார்த்தான். யாரோ அதன்மேல் வடை வைத்துத் தின்றிருக்கிறார்கள். அவ்வளவுதான், முனிவர் சாபத்தால் வெள்ளை நாய் கறுப்பாகிவிட்டது என்று கதையில் ஒரு வரி சேர்த்தார்கள், கறுப்பன் வாலு ஆகிவிட்டான். ஷூட்டிங் இல்லாத நாட்களில் வீட்டுக்கு வந்து பழையபடி கேப்பைக் களி தின்பான். பத்திரப் பதிவு ஆபீசில் என்னை இப்போது "வாலு அப்பா" என்றுதான் கூப்பிடுகிறார்கள். அதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான், தங்களிடம் மறைப்பானேன்.

இப்படியே போயிருந்தால் ஒரு வம்பும் இல்லை. இந்தச் சனிக்கிழமை சாயங்காலம் வந்த கதையில்தான் கெட்டது. எதிரிப் படை வருகிறது, ராஜா அயர்ந்து தூங்குகிறார், கோட்டைக் காவலன் ஒற்றை ஆளாக வாசலில் நிற்கிறான், நெஞ்சில் அம்பு பாய்ந்தும் கதவைச் சாத்திவிட்டுத்தான் சாய்கிறான். எந்த இலக்கியம் என்று மலர்விழி சொன்னாள், எனக்கு நினைவில் நிற்கவில்லை. காவலன் நம் கறுப்பன்தான். தலைப்பாகையோடு அவன் விழுந்து கண் மூடியபோது எங்கள் தெருவே சத்தமில்லாமல் அழுதது மாமா. வேணி அடுப்பை மறந்தாள். அந்த நேரம் கறுப்பன் எங்கள் நடுவில்தான் படுத்து வாலை ஆட்டிக்கொண்டிருந்தான். அவனையும் பார்த்துக்கொண்டே அழுதார்கள்.

மறுநாள் ஞாயிற்றுக்கிழமை மலர்விழிக்கு நிச்சயதார்த்தம். தெருமுனையில் பிளக்ஸ் பேனர் வைக்காமல் நம் பக்கத்தில் காதுகுத்து கூட நடப்பதில்லை, ஆகவே நானும் "வருக வருக" என்று ஒன்று வைத்திருந்தேன். கும்பிட்ட கையோடு என் படம், நடுவில் மலர்விழி, மாப்பிள்ளை புகழேந்தி. காலையில் எழுந்து போய்ப் பார்க்கிறேன், பக்கத்திலேயே அதைவிடப் பெரிதாக இன்னொரு பேனர். மேலே தலைப்பாகையோடு கறுப்பன், நடுவில் கொட்டை எழுத்தில் "கண்ணீர் அஞ்சலி", இரண்டு பக்கமும் குத்துவிளக்கு, கீழே அதே கும்பிட்ட கையோடு நான். தெரு இளைஞர் மன்றத் தலைவன் பிரவீன்குமார் பக்கத்தில் நின்று கயிறு கட்டிக்கொண்டிருக்கிறான். ஓடிப்போய் அவன் கையைப் பிடித்தேன்.

"இன்னாடா இது, நல்லது நடக்கிற அன்னிக்கி?"

"நம்ம தெரு ஆளு செத்தா பேனரு வைக்காம இருக்க முடியுங்களா அங்கிள்? நாளைக்கி நாலு பேரு இன்னா பேசுவாங்க?"

"அது கதடா! நாயி ஊட்ல தூங்கிக்கினு இருக்குது!"

"கதையில செத்தாலும் நம்ம ஆளுதானே அங்கிள். பக்கத்துத் தெருக்காரன் அவன் ஊட்டுப் பூனைக்கே வச்சான்."

பிளக்ஸ் கடை சகாயராஜுக்கு போன் போட்டேன். "வளத்தவரு படம் இல்லாம அஞ்சலி எப்பிடிண்ணே வைக்கிறது? நிச்சயதார்த்த பேனருக்குக் குடுத்த படம் கம்பியூட்டர்ல ரெடியா இருந்திச்சி, அதையே போட்டுட்டேன்" என்று என்னமோ எனக்கு உபகாரம் செய்தவன் போலச் சொன்னான். வேன் வருவதற்குள் கழற்றிவிடுங்கள் என்று பிரவீன்குமாரைக் கெஞ்சினேன். சரி என்றவன் மேல் கயிற்றை மட்டும் அவிழ்த்தான், அதற்குள் டீ வந்துவிட்டது, போய்விட்டான். மெயின் ரோட்டில் போன லாரிக் காற்றில் பேனரின் மேல்பகுதி பின்பக்கமாக மடங்கித் தொங்கியது. நாய் மறைந்துவிட்டது. மிச்சம் இருந்தது "கண்ணீர் அஞ்சலி", அதற்குக் கீழே நான்.

அந்தச் சமயத்தில்தான் கண்டமங்கலத்து வேன் தெருமுனையில் திரும்பியது. நான் வாசலில் பட்டுச் சட்டையோடு சந்தனக் கிண்ணத்தை ஏந்தி நிற்கிறேன். வேன் பாதி திரும்பி நின்றது. உள்ளே யாரோ கத்தினார்கள். அக்கா மட்டும் கதவைத் திறந்து குதித்தாள். வேன் அப்படியே பின்னால் போய், வந்த வழியே திரும்பிப் பறந்துவிட்டது. ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளையின் முகத்தைக் கூட நான் சரியாகப் பார்க்கவில்லை. அக்கா தலைவிரி கோலமாக, ஒரு காலில் செருப்பு இல்லாமல், "அய்யோ எந்தம்பி, என்ன உட்டுட்டுப் பூட்டியே" என்று மார்பில் அடித்துக்கொண்டு ஓடி வருகிறாள். என்னைத் தாண்டி உள்ளே ஓடினாள் மாமா! உள்ளே போய்த் தேடிவிட்டுத்தான் திரும்பி வந்து என்னைப் பார்த்தாள். பார்த்த பிறகும் அழுகையை உடனே நிறுத்த முடியவில்லை, என் தோளைப் பிடித்துக்கொண்டு எனக்காகவே இன்னும் கொஞ்ச நேரம் அழுதாள்.

இதில் இன்னொரு கூத்து. ஷூட்டிங்கில் யாராவது வாய்விட்டு ஒப்பாரி வைத்தால் விழ வேண்டும், பிஸ்கட் வரும்வரை எழுந்திருக்கக் கூடாது என்று கறுப்பனைப் பழக்கியிருக்கிறார்கள். அக்கா போட்ட கூச்சலில் அவன் பந்தலுக்கு நடுவில் பொத்தென்று சாய்ந்துவிட்டான். "அடப்பாவமே, இப்ப நெசமாவே பூடுச்சி" என்று யாரோ சொல்ல, கூடியிருந்த பெண்களெல்லாம் ஓவென்று அழ, அவர்கள் அழ அழ அவன் இன்னும் நன்றாகக் கண்ணை மூடிக்கொண்டான். வேனைத் துரத்திக்கொண்டு ஓட வேண்டிய நேரத்தில் நான் பெட்டிக்கடையில் பிஸ்கட் வாங்கிக்கொண்டிருந்தேன்.

அப்புறம் விடாமல் தங்களுக்கு போன் போட்டேன். தாங்கள் எடுத்தது எப்போது என்று தங்களுக்கே தெரியும். ஓமந்தூர் பக்கம் ஒரு பம்புசெட்டில் வேனை நிறுத்தி, சாவு வீட்டுத் தெருவில் சக்கரம் பட்டுவிட்டது என்று அத்தனை பேரும் பட்டும் ஜரிகையுமாகத் தலை முழுகிக்கொண்டிருந்த நேரம். என் பெயர் போனில் வந்ததும், செத்தவனின் போனிலிருந்து வீட்டு ஆட்கள் பேசுகிறார்கள் என்று தாங்கள் நினைத்திருக்கிறீர்கள். எடுத்த எடுப்பில் குரலைத் தாழ்த்தி, "எப்ப எடுக்கறீங்க?" என்றீர்கள்.

"எதங்க மாமா எடுக்கறது? நாந்தான் பேசறேன்" என்றேன்.

"நாந்தான்னா யாருப்பா?"

"நாந்தாங்க, கிருஷ்ணசாமி."

அதற்குப் பிறகு தொபுக்கென்று ஒரு சத்தம்தான் கேட்டது. போன் போனது போகட்டும், தங்களுக்கு நெஞ்சில் ஒன்றும் ஆகாமல் இருந்ததே பெரிது.

பின்னால் பாண்டுரங்கனே கூப்பிட்டார். நான் உயிரோடு இருப்பதில் அவருக்குச் சந்தோஷம் இருந்ததாகத் தெரியவில்லை. "நாய்க்காங்க? எங்க சனம் பட்டுப் பொடவையோட தல முழுவினது நாய்க்காங்க?" என்று கேட்டார். நாய் சாகவில்லை என்ற உண்மையைச் சொன்னால் கோபம் தணியும் என்று நினைத்து, "நாயி சாவலீங்க, உயிரோடதான் கீது" என்றேன். அதுதான் நான் செய்த தப்பு. "சாவாத நாய்க்கா!" என்று ஒரு சத்தம் போட்டார் பாருங்கள், இன்னும் காதில் இரைச்சல் நிற்கவில்லை. நாய் செத்திருந்தால் கூட அந்த மனிதர் மன்னித்திருப்பார் போலிருக்கிறது. ஊரில் சிரிப்பாய்ச் சிரிக்கிறார்களாம், அவர் தம்பி மகன் எதிர்ப்பட்டவுடன் குரைத்துக் காட்டுகிறானாம். "சும்மா பேஜாரு பண்ணாதீங்க, நான் சொல்றதுக்கு ஒத்துக்கினா மேல பேசலாம்" என்று சொல்லி அவர் வைத்த நிபந்தனைகள் இவை. நாயை வீட்டில் வைத்திருக்கக் கூடாது. நான் கண்டமங்கலம் வந்து அவர்கள் வீட்டு வாசலில் நாலு பேர் முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும். மலர்விழி கல்யாணத்துக்குப் பிறகு அந்தத் தொடரை அவர்கள் வீட்டு டி.வி.யில் போடக் கூடாது. கடைசியாக, அதே தெருமுனையில், அதே அளவில், "தவறுக்கு வருந்துகிறோம்" என்று ஒரு பேனர் வைக்க வேண்டும், அதிலும் என் படம் வேண்டும். சகாயராஜுக்கு இந்த மாதம் நல்ல யோகம்.

எல்லாவற்றுக்கும் சம்மதம் என்று சொல்லிவிடுங்கள் மாமா. வேறு வழியில்லை. வந்த வேன் வாசலில் இருந்து திரும்பிப் போன பெண் என்று ஒரு பேச்சு கிளம்பிவிட்டால் அப்புறம் எவன் வருவான்? இரவெல்லாம் எனக்குப் பொட்டுத் தூக்கமில்லை. படித்த பெண், பாண்டிச்சேரியில் வேலை பார்க்கும் மாப்பிள்ளை, குணம் கெட்டவன் என்று யாரும் சொல்லவில்லை. என் ஒரு படத்தால் அது கெட்டுப்போக விட மாட்டேன். மன்னிப்புதானே, கேட்டுவிடுகிறேன், வேண்டுமானால் காலில் கூட விழுகிறேன். கறுப்பனைத் தங்கள் வீட்டில் விட்டுவிடலாம் என்று இருக்கிறேன். அழுகைச் சத்தம் இல்லாத வீடாக இருந்தால் போதும், மற்றபடி சாது. அக்காவை நாளைக்கு எப்படியாவது சமாதானம் செய்து பஸ் ஏற்றுகிறேன். "அந்த மனுசன் வேன உட்டு எறங்கல, அவருகிட்ட எனக்கு இன்னா பேச்சு" என்று சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்திருக்கிறாள். அது புருஷன் பெண்டாட்டி விவகாரம், நான் தலையிடவில்லை.

வேணி இரண்டாவது பஸ்ஸும் போய்விட்டது என்கிறாள். ஆகவே முடிக்கிறேன். தங்களுக்கும் தங்கள் மூக்குக்கும் பூரண சுகம் உண்டாகட்டும். மலர்விழி கழுத்தில் தாலி ஏறும் நாளில் தாங்கள்தான் முன்னால் நிற்க வேண்டும் என்று மயிலம் முருகனை வேண்டிக்கொண்டு, இதைச் சுயநினைவோடும் யாருடைய வற்புறுத்தலும் இன்றியும் எழுதி,

இப்படிக்கு,
என்றும் தங்கள் சொல்லுக்குக் கட்டுப்பட்ட,
கிருஷ்ணசாமி.

பின்குறிப்பு: பத்திரம் எழுதி முடித்ததும் சம்பந்தப்பட்டவருக்கு வாய்விட்டுப் படித்துக் காட்டி, புரிந்ததா, சம்மதமா என்று கேட்ட பிறகுதான் கையெழுத்து வாங்குவது என் வழக்கம். இதில் சம்பந்தப்பட்டவள் மலர்விழி என்பது, என் கையெழுத்தைப் போட்டு முடித்த பிறகுதான் எனக்கு உறைத்தது. சரி, ஒரு சம்பிரதாயத்துக்குப் படித்துவிடலாம் என்று கூப்பிட்டு உட்கார வைத்து முதலிலிருந்து படித்தேன். நாய் சாய்ந்த இடத்தில் சிரித்தாள். பம்புசெட்டு வந்ததும் சிரிப்பு நின்றுவிட்டது. முடிவுவரை கேட்டுவிட்டு, "ஒண்ணு கேக்கட்டாப்பா?" என்றாள்.

"கேளும்மா."

"பேனர பாத்துட்டு யாரு செத்துட்டதா அவங்க நெனச்சாங்க?"

"நாந்தான்."

"நீ செத்துட்டேன்னு நெனச்சாங்க. அந்த ஊட்டுக்கு வாழ வரப்போற பொண்ணோட அப்பா செத்துட்டாருன்னு நெனச்சாங்க. எறங்கி வந்து, எப்பிடிம்மா ஆச்சுன்னு என்ன ஒருத்தர் கேட்டாங்களா? தட்டத் தூக்கிக்கினு குளிக்கப் பூட்டாங்க. நிச்சயம் பேசினதுல இருந்து அவரு தெனம் காலையில எனக்கு குட்மார்னிங் அனுப்பிக்கினு இருந்தாரு, ரோசாப்பூ படத்தோட. எங்கப்பா செத்த அன்னிக்கி மட்டும் ஒண்ணும் அனுப்பல. போனத் தொட்டா தீட்டுன்னு நெனச்சிட்டாரு போல."

கையிலிருந்த கடிதத்தைக் கீழே வைத்துவிட்டேன் மாமா. சம்பந்தம் கைநழுவிப் போகிறதே என்று நேற்றிலிருந்து துடிக்கிறேன், திட்டு வாங்கினேன், மன்னிப்புக்கும் ஒப்புக்கொண்டேன். நான் செத்துப்போனதற்கு அந்த வேனில் இருந்த மாப்பிள்ளை வீட்டார் ஒருவர் கூட வருத்தப்படவில்லை என்பது என் மண்டையில் ஏறவே இல்லை. சம்மதமா என்று அவளைக் கேட்டேன். "வேணாம்ப்பா" என்றாள். வேணி செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்து, "எனக்கும் நேத்தே தோணிச்சி, நீங்கதான் எழுதிக்கினே இருந்தீங்களே" என்றாள்.

எழுதியதை அடிப்பதும் திருத்துவதும் என் தொழிலுக்கு அழகல்ல என்பதால் மேலே உள்ளதை அப்படியே விட்டுவிட்டேன். ஆனால் தாங்கள் கண்டமங்கலம் போக வேண்டியது சமாதானம் பேச அல்ல, இந்தப் பேச்சை முடித்துவிட்டு வர. என்ன காரணம் என்று பாண்டுரங்கன் கேட்டால், பெண்ணின் அப்பன் இன்னும் சாகவில்லை, அவன் கொடுக்க மாட்டேன் என்கிறான் என்று சொன்னால் போதும்.